இசட் டிரைவைப் பிரித்துக் கட்டுதல்: நான்கு வார வேலைக் குறிப்பு

திருப்பூரில் 35 பேர் வேலை பார்க்கும் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றை மனத்தில் வைத்து எழுதிய குறிப்பு இது. மெர்ச்சண்டைசிங், சாம்பிள், ஷிப்பிங் டாக்குமென்ட், கணக்கு, சம்பளம் என ஐந்து பிரிவு. விண்டோஸ் சர்வர் 2022 ஒன்றுதான். டொமைனும் (எல்லோருடைய லாகினையும் நிர்வகிக்கும் அமைப்பு) அதில், ஃபைல் ஷேரும் (பகிர்ந்த ஃபோல்டர்) அதில், டாலி கணக்கு சாஃப்ட்வேரும் அதில். எல்லாக் கணினியிலும் ‘இசட் டிரைவ்’ என்று ஒரே ஷேர், ‘எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்’. சுமார் 900 ஜிபி. பேக்கப் என்று பெயர் வாங்கியிருப்பது சர்வரின் பின்னால் எப்போதும் செருகியே கிடக்கும் ஒரு யூஎஸ்பி டிஸ்க்.

இப்படி இருக்கும்போது சாம்பிள் பிரிவில் ஒருவர் போலி இன்வாய்ஸைத் திறந்துவிட்டால், அவர் கைக்கு எட்டுவதெல்லாம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரின் கைக்கும் எட்டும். அந்தக் கணினியில் யாராவது ஒருமுறை டொமைன் அட்மின் பாஸ்வேர்டை அடித்திருந்தால் பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்து போகும். விற்க வருபவர்கள் முதலில் ஃபயர்வாலைச் சொல்வார்கள். ஃபயர்வால் வேண்டியதுதான். ஆனால் கொடுத்த அனுமதியை யாரும் திரும்ப வாங்காததால் சேர்ந்த குப்பையை எந்தப் பெட்டியும் அள்ளாது. கீழே வரும் வேலையில் பெரும்பகுதி அந்த அனுமதிகளை, அலுவலக வேலை நிற்காமல், திரும்ப வாங்குவதுதான்.

முதல் வாரம்: எதையும் தொடாமல் கணக்கெடுப்பு

டொமைனின் பயனர் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து எல்லா யூசர் கணக்குகளையும் ஒரு எக்செல் தாளுக்கு இறக்கவும். பெயர், கடைசி லாகின், பாஸ்வேர்டு கடைசியாக மாறிய தேதி, ‘பாஸ்வேர்டு காலாவதியாகாது’ டிக் இருக்கிறதா, எந்தெந்த குரூப் என்ற ஐந்து பத்தி போதும். கடைசி லாகின் நேரம் உடனுக்குடன் பதிவாவதில்லை. 14 நாள் வரை பின்தங்கும். அதனால் 20 நாளாக வராதவரைப் பார்த்து ‘ஆள் போய்விட்டார்’ என்று முடிவு கட்டக் கூடாது. 60 நாளை எல்லையாக வைத்து, சம்பளப் பிரிவின் ஆள் பட்டியலோடு ஒத்துப் பார்க்கவும்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அழிக்க வேண்டாம், முடக்கவும். அழித்தால் அவர் பெயர் இருந்த ஃபோல்டர்களிலெல்லாம் ‘எஸ்-1-5-21’ என்று தொடங்கும் நீண்ட எண் மட்டும் நிற்கும். அது யாருடைய அனுமதி என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. முடக்கியவற்றைத் தனியாக ஒரு ஓயூவில் (ஆக்டிவ் டைரக்டரியின் உட்பிரிவு) போட்டு, பிரச்சினை எதுவும் கிளம்பவில்லை என்றால் 90 நாள் கழித்து அழிக்கலாம்.

ஆள் இல்லாத கணக்குகள்தான் இந்த வாரத்தின் தலைவலி. பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேர், பேக்கப் புரோகிராம், ஷெட்யூல்டு டாஸ்க், ‘ஸ்கேன் டு ஃபோல்டர்’ போட்ட ஜெராக்ஸ் மெஷின் என எல்லாமே ஏதோ ஒரு பாஸ்வேர்டை உள்ளே வைத்துக்கொண்டு ஓடுகின்றன. பெரும்பாலும் அது அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்டாகவே இருக்கும், ஏனென்றால் மாட்டிவிட்டுப் போன டெக்னீஷியனுக்கு அதுதான் சுலபம். சர்வரில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து ‘லாக் ஆன் ஆஸ்’ பத்தியைப் பார்க்கவும். டாஸ்க் ஷெட்யூலரையும் அப்படியே. ஜெராக்ஸ் மெஷினின் அட்ரஸ் புக்கை மெஷினிலேயே போய்ப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினால் மறுநாள் காலை அட்டெண்டன்ஸும் நிற்கும், பேக்கப்பும் நிற்கும். இரண்டாவது நின்றதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

யாருக்கு எந்த ஃபோல்டர் வேண்டும் என்று பிரிவுத் தலைவரைக் கேட்டால் ‘எல்லாமே வேண்டும்’ என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: இந்த ஃபோல்டர் காணாமல் போனால் முதலில் அலறுவது யார்? அவர்தான் அதற்கு உரியவர். இனி அதற்கு ஆள் சேர்க்கவும் நீக்கவும் அவர் சொன்னால்தான் நடக்கும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளவும்.

இரண்டாம் வாரம்: ஃபோல்டர் வேலை

தொடங்கும் முன் இப்போதைய அனுமதிகளை ‘ஐகேக்ல்ஸ்’ (icacls) கட்டளையின் சேவ் வசதியால் ஒரு ஃபைலில் பிடித்து வைக்கவும். ஏதாவது கெட்டால் அதிலிருந்து மீட்கலாம். மீட்கும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று: எந்த ஃபோல்டரைச் சேவ் செய்தோமோ அதைக் காட்டக் கூடாது, அதற்கு ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ‘ஃபைல் இல்லை’ என்று வரிசையாகப் பிழை கொட்டும்.

அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது: ஷேரில் ஒன்று, என்டிஎஃப்எஸ்ஸில் (டிஸ்க்கில் உள்ள ஃபோல்டரிலேயே) ஒன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். இரண்டிலும் கை வைத்தால் பிறகு குழப்பம்தான். ஷேரில் ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் – சேஞ்ச்’ என்று ஒரே வரி, அட்மின் குரூப்புக்கு மட்டும் ஃபுல். மீதி எல்லாம் என்டிஎஃப்எஸ்ஸில். பயனருக்கு அங்கே ‘மாடிஃபை’ போதும். ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்தால் அவரே அனுமதியை மாற்றிக்கொள்வார்; நாலு வாரப் பாடு ஒரு ரைட் கிளிக்கில் போகும்.

ஆள் பெயரில் அனுமதி போடவே வேண்டாம். ஃபோல்டருக்கு இரண்டு குரூப்: ‘ஷிப்பிங்-எழுத’, ‘ஷிப்பிங்-படிக்க’. பிரிவுக்கு ஒரு குரூப்: ‘பிரிவு-கணக்கு’. ஆள் பிரிவுக் குரூப்பில் இருப்பார், பிரிவுக் குரூப் ஃபோல்டர் குரூப்பில் இருக்கும், ஃபோல்டரில் ஃபோல்டர் குரூப் மட்டும் தெரியும். இவ்வளவு சுற்று எதற்கு என்று தோன்றும். ஒருவர் மெர்ச்சண்டைசிங்கிலிருந்து ஷிப்பிங்குக்கு மாறும் நாளில் ஒரே ஒரு குரூப்பை மாற்றினால் முடிந்துவிடும். 900 ஜிபியில் அவர் பெயரைத் தேடி அலைய வேண்டாம்.

‘டினை’ என்ற தடை விதியைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. சம்பள ஃபோல்டரில் ‘எல்லோருக்கும் டினை, சம்பளப் பிரிவுக்கு அலோ’ என்று போடுபவர்கள் உண்டு. சம்பளப் பிரிவும் ‘எல்லோரில்’ அடக்கம் என்பதால் அவர்களும் வெளியே நிற்பார்கள். வேண்டாதவரைத் தடுக்க, அவர் பெயரைச் சேர்க்காமல் விட்டாலே போதும். மேலிருந்து இறங்கும் அனுமதியைச் சம்பள ஃபோல்டரில் துண்டித்து, வேண்டிய குரூப்பையும் சிஸ்டம் கணக்கையும் அட்மின் குரூப்பையும் மட்டும் வைக்கவும். இந்த ஃபோல்டரில் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு வைக்கத் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது.

முதல் அடுக்கு ஃபோல்டர்களை யாரும் நகர்த்த முடியாதபடி கட்டவும். மவுஸ் கை தவறி ‘ஷிப்பிங்’ முழுவதும் ‘சாம்பிள்’ ஃபோல்டருக்குள் விழுந்து, ‘டேட்டா அழிந்துவிட்டது’ என்று அலுவலகமே பதறுவது அடிக்கடி நடப்பது. முதல் அடுக்கில் ‘இந்த ஃபோல்டருக்கு மட்டும்’ என்று தேர்ந்து படிக்கும் அனுமதி, அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு மாடிஃபை. மேலே நேராக ஃபைல் போடும் பழக்கம் இதனால் நிற்கும். மாற்றிய பிறகு ஒரு வாரம் முணுமுணுப்பு இருக்கும்.

கட் செய்து ஒட்டுவதில் ஒரு பொறி உண்டு. ஒரே டிஸ்க்குக்குள் ஃபைலை நகர்த்தினால் அது பழைய அனுமதியைத் தூக்கிக்கொண்டே போகும். காப்பி செய்தால் போய்ச் சேர்ந்த இடத்தின் அனுமதியை ஏற்கும். பொது ஃபோல்டரிலிருந்து சம்பள ஃபோல்டருக்குக் கட்–பேஸ்ட் செய்த பட்டியல், அங்கே போயும் பொதுவாகவே இருக்கலாம். பிரித்து அடுக்கும்போது எல்லாவற்றையும் காப்பி செய்து, சரிபார்த்து, பிறகு பழையதை அழிக்கவும். இதற்கு டிஸ்க்கில் காலி இடம் வேண்டும், முன்பே பார்த்துக்கொள்ளவும்.

‘ஆக்சஸ் பேஸ்டு எனுமரேஷன்’ என்ற டிக்கைப் போட்டால் அனுமதி இல்லாத ஃபோல்டர் கண்ணிலேயே படாது. ‘ஏன் எனக்கு இல்லை’ என்ற சண்டையில் பாதி இதிலேயே அடங்கும்.

குரூப்பில் சேர்த்த பிறகும் ‘திறக்கவில்லையே’ என்று கூப்பிடுவார்கள். லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வந்தால்தான் புதிய குரூப் செல்லும். நீக்கும்போதும் அப்படித்தான்: திறந்திருக்கும் இணைப்பு, நீக்கிய பிறகும் உயிரோடு இருக்கும், கெர்பராஸ் டிக்கெட்டின் (லாகின் ஆகும்போது கிடைக்கும் அனுமதிச் சீட்டு) இயல்பான ஆயுள் 10 மணி நேரம். அவசரமென்றால் சர்வரில் ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ் – செஷன்ஸ்’ பக்கம் போய் அந்த இணைப்பைக் கையால் அறுக்கவும்.

டாலியைத் தனியாகப் பார்க்க வேண்டும். நெட்வொர்க்கில் பலர் பயன்படுத்தும்போது டேட்டா ஃபோல்டர் அத்தனை பேருக்கும் எழுதும் அனுமதியோடு ஷேர் ஆகியிருக்கும். டாலிக்குள் பாஸ்வேர்டு போட்டு வவுச்சர் அழிப்பதைத் தடுத்தாலும், எக்ஸ்ப்ளோரரில் போய் ஃபோல்டரையே காப்பி எடுப்பதை அது தடுக்காது. வழி இரண்டு: டாலிபிரைம் சர்வர் வாங்கினால் டேட்டா ஃபோல்டரைப் பயனருக்கு ஷேர் செய்யத் தேவையில்லை. அல்லது ரிமோட் டெஸ்க்டாப் வழியாக டாலியை மட்டும் திறக்க விடலாம். இதற்கு ஆளுக்கொரு உரிமம் தனிச் செலவு. டாலிவால்ட் போட்டால் டேட்டா மறையாக்கமாகும், ஆனால் அந்த பாஸ்வேர்டு தொலைந்தால் மீட்க வழியே இல்லை. அதனால் எழுதி, உறையில் ஒட்டி, லாக்கரில். பதிவு பெற்ற கம்பெனியாக இருந்தால் இன்னொன்று: திருத்தங்களின் தடம் அழிக்க முடியாதபடி பதிவாகும் கணக்கு சாஃப்ட்வேர் 1 ஏப்ரல் 2023 முதல் கட்டாயம். டாலியில் எடிட் லாக் வடிவம் அதற்கானது.

ஜெராக்ஸ் மெஷினுக்குத் தனிக் கணக்கு, ‘ஸ்கேன்’ என்ற ஒரே ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி. பழைய மெஷினுக்கு எஸ்எம்பி 1 (விண்டோஸ் ஃபைல் பகிரும் முறையின் பழைய வடிவம்) மட்டுமே தெரியும். சர்வர் 2022இல் அது இயல்பாக இருக்காது; இருந்தால் ஸ்கேனருக்காக யாரோ சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். 2017 மே மாதம் வான்னாக்ரை ரேன்சம்வேர் பரவியது இந்தக் கதவு வழியாகத்தான், அதற்கான பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தும். எஸ்எம்பி 1ஐ எடுத்துவிட்டு ஸ்கேனை மெயிலுக்கு மாற்றவும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய கணினிகள் பழைய என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் தனியாக நிற்கும் சேமிப்பு) பெட்டியோடு பேச மறுத்தால் காரணம் வேறு: அந்தப் பதிப்பு எஸ்எம்பி சைனிங்கை (ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பச் சோதனை) கேட்கிறது, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை மறுக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ‘சைனிங்கை அணை’ என்ற மருந்து தவறு. என்ஏஎஸ்ஸில் சைனிங்கை இயக்கி, கெஸ்ட் ஷேருக்குப் பாஸ்வேர்டு போடுவதுதான் சரி.

மூன்றாம் வாரம்: அட்மின்களும் வாசல்களும்

டொமைன் அட்மின் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அவர்களுக்கும் மெயில் பார்க்க ஒரு சாதாரணக் கணக்கு, சர்வர் வேலைக்கு வேறு கணக்கு. முதலாளி தனக்கும் அட்மின் உரிமை கேட்பார். அவர் கணினிதான் வெளியூர், விமான நிலையம், ஹோட்டல் வைஃபை என்று அதிகம் சுற்றுவது என்பதைப் பொறுமையாகச் சொல்லவும்.

எல்லாக் கணினியிலும் உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு ஒன்றாகவே இருந்தால் ஒரு கணினி விழுந்தால் 35ம் விழும். விண்டோஸ் லேப்ஸ் (ஒவ்வொரு கணினிக்கும் தனி அட்மின் பாஸ்வேர்டு வைத்து மாற்றும் வசதி) இதற்கென்றே இருக்கிறது. 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. தனியாகக் காசு இல்லை. ஒருமுறை ஆக்டிவ் டைரக்டரியின் ஸ்கீமாவை (தகவல் அமைப்பு) நீட்டிக்க வேண்டும், பிறகு கணினிகள் இருக்கும் ஓயூவில் ‘தன் பாஸ்வேர்டைத் தானே எழுதிக்கொள்ளும்’ உரிமையைத் தர வேண்டும், பிறகு குரூப் பாலிசி (சர்வரிலிருந்து எல்லாக் கணினிக்கும் போகும் விதி). நடுப் படியை விட்டுவிட்டால் பாலிசி போய்ச் சேரும், பாஸ்வேர்டு மட்டும் பதிவாகாது. இயல்பாக 14 எழுத்து, 30 நாளுக்கொரு மாற்றம். அப்படியே விடலாம்.

பயனர் பாஸ்வேர்டுக்கும் 14 எழுத்து. 45 நாளுக்கொருமுறை மாற்றச் சொல்லும் பழைய வழக்கத்தை எடுத்துவிடவும். அதனால் மாதத்தின் பெயரும் எண்ணும்தான் மாறும். கசிந்தது என்று தெரிந்தால் மாற்றினால் போதும். 10 தவறான முயற்சிக்குப் பிறகு 15 நிமிடப் பூட்டு. பாஸ்வேர்டை மாற்றிய மறுநாள் ஒருவர் கணக்கு திரும்பத் திரும்பப் பூட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் தாக்குதல் அல்ல, பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கும் வேறொரு கணினி. சர்வரின் செக்யூரிட்டி லாகில் (நிகழ்வுப் பதிவேடு) 4740 என்ற நிகழ்வைத் திறந்தால் எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்று பெயரே இருக்கும்.

ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட் திறந்திருந்தால் இன்றே மூடவும். போர்ட் எண்ணை 3390 என்று மாற்றி வைப்பது ஒளிவதாகாது. ஸ்கேன் செய்கிறவன் எல்லா எண்ணையும்தான் தட்டுகிறான். யூபிஎன்பியையும் (கருவிகள் தாமே ரவுட்டரில் போர்ட் திறக்கும் வசதி) அணைக்கவும், இல்லையென்றால் மூடியதை வேறொரு கருவி திறக்கும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு வயர்கார்டு விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான தனி வழி): யூடிபி 51820 ஒன்று மட்டும் திறந்தால் போதும், கருவிக்கொரு சாவி. ஒரே சாவியை மூன்று லேப்டாப்பில் ஒட்டினால் ஒன்று இணையும்போது மற்றது அறுந்துகொண்டே இருக்கும். ஆள் போகும்போது அவர் சாவியை மட்டும் பிடுங்கவும் முடியாது.

மெயிலுக்கு இரண்டாம் அடையாளம் எல்லோருக்கும். ஆத்தென்டிகேட்டர் செயலி 30 நொடிக்கொரு 6 இலக்கம் தரும். போனின் கடிகாரம் ஓரிரு நிமிடம் தவறினாலும் எண் ஏற்காது, தானாக நேரம் எடுக்கும்படி வைக்கவும். போலிப் பக்கத்தில் அந்த 6 இலக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் இரண்டு அட்மினுக்கும் கணக்குப் பிரிவுத் தலைவருக்கும் ஃபிடோ2 யூஎஸ்பி சாவி (போலிப் பக்கத்தில் வேலை செய்யாத லாகின் சாவி), ஆளுக்கு இரண்டு. ஒன்று கையில், ஒன்று லாக்கரில்.

ஏற்றுமதி அலுவலகத்துக்குப் பெரிய அடி மெயில் வழியாகவே விழும்: நம் மெர்ச்சண்டைசரின் பெட்டிக்குள் புகுந்தவன் வெளிநாட்டு வாங்குநருக்கு ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று எழுதுவான். வாங்குநரின் பதில் நம் கண்ணில் படாதிருக்க, அதை வேறு ஃபோல்டருக்குத் தள்ளும் விதி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்திருப்பான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி இருக்கும். ஃபார்வர்டிங் இருந்தால் அதுவும் இருக்கும். ஆகவே சந்தேகம் வந்தால் நாலு காரியம் சேர்த்து: பாஸ்வேர்டு மாற்றம், எல்லா செஷனையும் ரத்து செய்தல், விதிகளைப் பார்த்தல், புதிதாகச் சேர்ந்த போன் அல்லது செயலியை நீக்குதல். செஷனை ரத்து செய்தாலும் ஏற்கெனவே வாங்கிய டோக்கன் (நுழைவுச் சீட்டு) ஒரு மணி நேரம் போல ஓடும், அதுவரை கவனமாக இருக்கவும்.

நான்காம் வாரம்: பேக்கப், லாக்

பேக்கப்புக்கு ஒரு என்ஏஎஸ் வேண்டும்; அதை டொமைனில் சேர்க்க வேண்டாம். அதன் அட்மின் பாஸ்வேர்டு வேறு, அதற்கும் இரண்டாம் அடையாளம். சர்வர் என்ஏஎஸ்ஸுக்குள் எழுதக் கூடாது. என்ஏஎஸ்தான் படிக்கும் உரிமை மட்டும் உள்ள ஒரு கணக்கால் சர்வரிலிருந்து இழுத்துக்கொள்ள வேண்டும். சர்வரைப் பிடித்தவனுக்கு அங்கிருந்து என்ஏஎஸ்ஸுக்குப் போக வழி இருக்காது. தினசரி ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) 30 நாளுக்கு. கூடவே இரண்டு யூஎஸ்பி டிஸ்க், வாரம் ஒன்று மாறி மாறி; செருகாதது கட்டடத்துக்கு வெளியே இருக்கும்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று எண்ண வேண்டாம். கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பி கிடைத்தால் 900 ஜிபிக்கு இரண்டே கால் மணி நேரம். ஆனால் இசட் டிரைவ் முழுக்கச் சின்னச் சின்ன எக்செல்லும் பிடிஎஃப்பும்; வேகம் 35 எம்பிக்கு இறங்கினால் ஏழு மணி நேரம் தாண்டும். ஷிப்மென்ட் போகும் நாளில் ஏழு மணி நேரம் என்பது விமானத்தைத் தவறவிடுவது. அதனால் மீட்கும் வரிசையை முன்பே எழுதி வைக்கவும்: டாலி, ஷிப்பிங்கின் நடப்பு மாதம், பிறகு மற்றவை.

லாகில் எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொன்னால் சில மணி நேரத்தில் பழையது அழிந்து புதியது ஏறும். ஃபோல்டர் தணிக்கைக்கு பாலிசியில் ஒரு டிக், ஃபோல்டரின் ஆடிட்டிங் பக்கத்தில் ஒரு டிக், இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் போட்டுவிட்டு ‘லாக் வரவில்லை’ என்று தேடுவது வழக்கம். சம்பளம், கணக்கு இரண்டில் மட்டும், அழித்தலும் அனுமதி மாற்றமும் மட்டும். லாக் அளவை 1 ஜிபி ஆக்கி, தினமும் வேறொரு கணினிக்கு நகலெடுக்கவும். கண் வைக்க வேண்டிய எண்கள்: 4625 தவறான லாகின், 4720 புதிய கணக்கு, 4728 குரூப்பில் ஆள் சேர்ப்பு, 1102 லாகையே துடைத்தது. கடைசி எண் திட்டமில்லாமல் வந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கவும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன்னின் 28 ஏப்ரல் 2022 உத்தரவுப்படி லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். எல்லாக் கருவியின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ரவுட்டரின் நேரமும் சர்வரின் நேரமும் வேறு வேறாக இருந்தால் எந்த லாகும் எதற்கும் உதவாது.

ஆள் விலகும் நாள்

சம்பளப் பிரிவு கடைசித் தேதியை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கணக்கு செட்டிலான பிறகு சொல்வது தாமதம். அன்று மாலை வரிசை: டொமைன் கணக்கை முடக்கு, சர்வரில் செஷனை அறு, மெயில் செஷனை ரத்து செய், விபிஎன் சாவியை நீக்கு, மெயில் பெட்டியை உரியவருக்குத் திருப்பு. பத்து நிமிட வேலை.

டொமைனுக்கு வெளியே இருப்பவை இதில் சிக்காது. வாங்குநர்களின் போர்ட்டல், ஐஸ்கேட் (சுங்கத் துறையின் போர்ட்டல்), ஜிஎஸ்டி, வங்கி என எல்லாவற்றுக்கும் ஒரே லாகினை நாலு பேர் பயன்படுத்துவார்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் கணக்குப் பிரிவுக் கணினியில் செருகியபடி, பின் எண் அதன்மேல் ஒட்டியபடி இருக்கும். டோக்கனை லாக்கருக்கு மாற்றி, எடுத்தவர் பெயரும் நேரமும் எழுத ஒரு நோட்டு வைக்கவும். போர்ட்டல்களுக்கு ஒரு தனித் தாள் போட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிவான மெயிலையும் கைபேசி எண்ணையும் எழுதவும். ஓடிபி போகும் எண் விலகுகிறவரின் சொந்த எண்ணாக இருந்தால், அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அலுவலகப் பெயரில் வாங்கிய சிம்முக்கு மாற்றி முடித்துவிட்டு, பிறகு விடைபெறும் காபியைக் கொடுக்கலாம்.